சாலையின் இடதோரம்: பேருந்து ஓட்டுநரும் சைக்கிள் தொழிலாளியும்

(தில்லிவாழ் தமிழ்த் தோழர்களுக்கான தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்கு எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு நகரப் போக்குவரத்தும் தொழிலாளி வர்க்கமும் என்பது. அது பெரிய தலைப்பு. மெட்ரோ, கட்டண உயர்வு, தனியார்மயம் ஆகியவை குறித்து நம் தோழர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள். ஆகவே நாம் அதிகம் பேசாத ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேருந்தை ஓட்டிச்செல்லும் தொழிலாளிக்கும் அதே சாலையில் சைக்கிள் மிதித்துச் செல்லும் தொழிலாளிக்கும் இடையிலான உறவே அது. உறவு என்று மரியாதை கருதிச் சொல்கிறேன். நடைமுறையில் அது பகையாகத்தான் இருக்கிறது. மிதிவண்டி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, சைக்கிள் என்கிறானே என்று தமிழ் படித்த தோழர்கள் நினைக்கக்கூடும். நானும் தமிழ் படித்தவன்தான். ஆயினும் தொழிலாளி எதைச் சைக்கிள் என்று அழைக்கிறானோ அதைச் சைக்கிள் என்றே இங்கு சொல்கிறேன்.

முதலில் சாலையைப் பார்ப்போம். நம் நாட்டில் போக்குவரத்து இடப்புறமாகச் செல்வது. மெதுவாகச் செல்லும் வண்டி இடதோரமாகப் போகவேண்டும். ஆகவே சைக்கிளுக்கு இடதோரம். பேருந்து நிறுத்தங்கள் நடைபாதையை ஒட்டி இருப்பதால் பேருந்துக்கும் இடதோரம். வாஜிராபாத் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்த கொடுமைக்குப் பிறகு, 1997 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தில்லிப் பேருந்துகள் தமக்குரிய தடத்தில்தான் செல்லவேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில் தில்லி அரசு அத்தடத்தை அபராதத்துடன் மீண்டும் வலியுறுத்தியது. அதுவும் இடதோரத் தடமே. பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும் என்பது நம்முடைய கோரிக்கையும்கூட. ஆனால் அந்தத் தடத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த சைக்கிள் எங்கே போவது என்பதற்கு அந்த உத்தரவுகளில் விடை இல்லை.

நெரிசல் நேரத்தில் பேருந்தின் வேகத்தை, நிறுத்தங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது சைக்கிளின் வேகத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை. இதன் விளைவு என்ன? ஓட்டுநர் ஒரு சைக்கிளைக் கடக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் பேருந்தை ஓரங்கட்டுகிறார். பயணிகள் இறங்கி ஏறுவதற்குள் அதே சைக்கிள் பேருந்தைக் கடந்து முன்னே போய்விடுகிறது. ஓட்டுநர் மீண்டும் அதைக் கடக்கவேண்டும். மெஹ்ரௌலி–பதர்பூர் சாலையில் ஒரே ஓட்டுநரும் ஒரே சைக்கிள்காரரும் அரைமணி நேரத்தில் ஏழெட்டு முறை ஒருவரையொருவர் கடப்பதைப் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் இருவருக்கும் ஆத்திரம் சற்றுக் கூடுகிறது. முகம் தெரியாத இருவருக்கிடையே அரைமணி நேரத்தில் ஒரு பழிவாங்கும் உணர்ச்சி வளர்ந்துவிடுகிறது.

நிறுத்தத்துக்குள் பேருந்து சாய்ந்து நுழையும் அந்தச் சில விநாடிகளே கொடியவை. 12 மீட்டர் நீளமுள்ள வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் சென்ற வழியில் செல்வதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் கடந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று சைக்கிள்காரர் நினைக்கும் இடத்துக்குத்தான் பின்சக்கரம் வருகிறது. ஓட்டுநர் அமர்ந்திருப்பது வலப்பக்கம். அவருக்குக் கண்ணெட்டாத இடம் இடப்பக்க மூலை. நிறுத்தத்தில் இ-ரிக்‌ஷாக்களும் ஆட்டோக்களும் நின்றுவிட்டால் பேருந்து ஓரத்துக்கே வராமல் சாலையின் குறுக்கே நின்று ஆளிறக்கும். சைக்கிள்காரர் கதவுக்கும் நடைபாதைக்கும் இடையே சிக்குவார் அல்லது வலப்புறமாக விரைந்தோடும் கார்களுக்கு நடுவே போவார். இப்போது வரும் மின்சாரப் பேருந்துகள் புகை கக்குவதில்லை. நுரையீரலுக்கு நல்லது. ஆனால் பின்னால் வரும் பேருந்தைக் காதால் அறிந்து ஒதுங்கிய சைக்கிள்காரருக்கு அந்த எச்சரிக்கையும் போய்விட்டது.

இவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பிற உழைப்பாளர் ஏறத்தாழ 20 கோடிப் பேர். இவர்களில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றார்கள். 11 பேர் பேருந்தில் சென்றார்கள். 22 பேருக்கு மேல் நடந்தே சென்றார்கள். காரில் சென்றவர் 3 பேருக்கும் குறைவு. ஆக, சைக்கிளும் பேருந்தும் ஒரே வர்க்கத்தின் இரு வாகனங்கள். ஓக்லா ஆலைக்குச் செல்பவரும் இரவுக் காவல் முடித்துத் திரும்புபவரும் அதிகாலையில் பால் போடுபவரும் உடல்நலம் கருதிச் சைக்கிள் மிதிப்பவர்கள் அல்லர். பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த மிதிப்பவர்கள். பணி முடியும் வேளையில் பேருந்து கிடைக்காததால் மிதிப்பவர்கள். ஓட்டுநரை மோதவிட்டு ஒதுங்கி நிற்கும் நகரம் இவ்விருவரின் உழைப்பிலும் வாழ்கிறது.

ஓட்டுநரின் இருக்கைக்கு வருவோம். தில்லியில் 1992இல் தனியார் பேருந்துகள் 'ரெட்லைன்' என்ற பெயரில் ஓடத் தொடங்கின. அவை மக்களை நசுக்கியதால் எழுந்த கோபத்துக்குப் பதிலாக அரசு செய்தது என்னவென்றால், வண்ணத்தை நீலமாக மாற்றிப் 'புளூலைன்' என்று பெயரிட்டதுதான். 2007ஆம் ஆண்டில் மட்டும் புளூலைன் பேருந்துகளால் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்திரிகைகள் ஓட்டுநரைக் கொலைகாரர் என்றன. நாளொன்றுக்கு இவ்வளவு வசூல் கொண்டுவா என்று உரிமையாளர் விதித்ததையும், முன்னால் போகும் பேருந்தை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்துப் பயணி கிடைப்பார் என்ற ஏற்பாட்டையும் எழுதியவர்கள் சிலரே. கொல்கத்தாவின் தனியார் பேருந்துகளில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் டிக்கெட் விற்பனையில் கமிஷன்தான் கூலி. அங்கே பேருந்துகள் ஒன்றையொன்று துரத்துவதற்கு 'ரேஷாரேஷி' என்று வங்கமொழியில் தனிச்சொல்லே வழங்குகிறது. கூலிமுறை ஒரு மொழிக்குச் சொல் வழங்கியிருக்கிறது!

புளூலைன் போய்விட்டது. இன்று ஒப்பந்த நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. பயணிக்காக முந்தும் தேவை குறைந்தது என்பது உண்மை. இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நடை தவறினால் நிறுவனத்துக்குத் தண்டம். அந்தத் தண்டம் யார் தலையில் விடியும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்சாரப் பேருந்தில் ஓட்டுநர் நிறுவனத்தின் ஆள். நடத்துநர் கழகத்தின் ஆள். ஒரு வண்டிக்குள் இரண்டு முதலாளிகள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவைக்காமல் இடையில் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றது. அச்சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பது வேறு கதை. புதிய தொழிற்சட்டத் தொகுப்பு விழுங்கிய 13 சட்டங்களுள் அதுவும் ஒன்று. களைத்த ஓட்டுநரின் கண்ணுக்கு இடப்பக்க மூலை இன்னும் இருண்டுபோகிறது.

பிரேசிலில் ஓட்டுநர்களைச் சைக்கிளில் உட்காரவைத்து, ஒட்டினாற்போலப் பேருந்தை ஓட்டிக்காட்டும் பயிற்சி ஒன்று உண்டு. காற்றின் உதைப்பில் சைக்கிள் எப்படி ஆடுகிறது என்பதை ஓட்டுநர் தம் உடம்பில் உணர்கிறார். நல்ல பயிற்சி. இங்கும் நடத்தலாம். ஆனால் பயிற்சி முடிந்து பணிமனைக்குத் திரும்பும் ஓட்டுநரின் கையில் தரப்படும் நேர அட்டவணை மாறியிருக்காது.

சாலையை வேறுவிதமாக அமைக்க முடியாதா என்றால், இந்த நகரத்திலேயே அமைத்துக் காட்டினார்கள். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவுப் பேருந்துத் தடம் 2008 ஏப்ரலில் தொடங்கியது. பேருந்து சாலையின் நடுவில் சென்றது, நடுவிலேயே நிறுத்தங்கள், சைக்கிளுக்கு இடதோரத்தில் தனிப்பாதை. இருவரும் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடவே தேவையில்லை. குறைகள் இல்லாமல் இல்லை. சைக்கிள் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. பயணிகள் நிறுத்தத்தை அடையக் கார்களைத் தாண்டிச் செல்லவேண்டியிருந்தது. ஆனால் எதிர்ப்பு அதற்காக எழவில்லை. கார்கள் காத்திருக்க நேர்ந்ததே குற்றம் என்று கூக்குரல் எழுந்தது. உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில், காரில் செல்வோர் செல்வத்தைப் படைப்பவர்கள், அவர்கள் நேரம் வீணாகலாமா என்ற வாதம்கூட வைக்கப்பட்டது. செல்வத்தைப் படைப்பவர் யார் என்ற கேள்விக்கு நம் வகுப்புகளில் தரப்படும் விடை வேறு! 2012 அக்டோபரில் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் காப்பாற்றிய தடத்தை, சாமானியனின் பெயரைத் தாங்கிய கட்சியின் அரசு 2016இல் இடித்துத் தள்ளியது. அந்த நாட்களில் பேருந்து ஓட்டுநர் சங்கங்களும் சைக்கிள் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து அத்தடத்துக்காகத் தெருவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கொல்கத்தா வேறு வழியைத் தேர்ந்தது. சைக்கிளால் போக்குவரத்து தாமதமாகிறது என்று சொல்லி, 2013இல் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளைத் தடைசெய்தது. பிறகு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனால் முதல் தடை வந்தது 2008இல். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் இடதுசாரிகள். இதை எதிரிகள் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு வேலையில் முதல் தகவல் அறிக்கைகள் பல என் கைக்கு வரும். இந்தியில் 'தேஸ் ரஃப்தார் அவுர் லாபர்வாஹி' என்று ஒரு தொடர் இருக்கும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் தமிழில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'. ஊர் மாறும், பெயர் மாறும், இத்தொடர் மாறாது. பணிநேரம் எத்தனை, நிறுத்தம் எப்படி இருந்தது, விளக்கு எரிந்ததா என்பவை அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

இது வெறும் சோம்பேறித்தனமன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று பாராமல் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதற்குமேல், இறந்தவரின் வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்ற இழப்பீடு வேண்டுமென்றால் 166ஆம் பிரிவின்கீழ்ச் சென்று ஓட்டுநரின் தவறை நிறுவவேண்டும். ஆகச் சைக்கிளில் சென்று மாண்ட கொத்தனாரின் மனைவிக்குப் பிள்ளைகளை வளர்க்கப் பணம் வேண்டுமானால், இன்னொரு தொழிலாளியைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டும். ஓட்டுநர் தம் வேலையைக் காத்துக்கொள்ள, செத்தவன்தான் குறுக்கே வந்தான் என்று சாட்சி சொல்லவேண்டும். சாலையை அமைத்தவரும் அட்டவணையைப் போட்டவரும் பெரும்பாலும் அந்தக் கூண்டுக்கு வருவதில்லை.

புதிய நியாய சம்ஹிதை இப்பகையை இன்னும் கூர்மையாக்கியது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு 2 ஆண்டுவரை சிறை. இப்போது 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் 5 ஆண்டுவரை. இரண்டாம் உட்பிரிவு, தகவல் தராமல் ஓடிவிட்டால் 10 ஆண்டுவரை என்கிறது. 2024 புத்தாண்டு நாளில் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அதன் பயனாக இரண்டாம் உட்பிரிவு இன்னும் நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. ஓட்டுநர் ஏன் ஓடுகிறார்? நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தால். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் கடமையைச் சொல்லும்போது, கும்பலின் ஆத்திரத்தால் அது இயலாமற்போனால் விலக்கு உண்டு என்கிறது. ஒரு சட்டம் அறிந்ததை இன்னொரு சட்டம் மறந்துவிட்டது.

அந்த வேலைநிறுத்தம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களில் ஆதரவு அறிக்கைகள் பலவற்றை நான் தமிழாக்கினேன். என் கைக்கு வந்தவற்றில் ஓட்டுநரின் துயரம் இருந்தது, கார்ப்பரேட் இருந்தது, சர்வாதிகாரம் இருந்தது. சைக்கிள் என்ற சொல்லும் பாதசாரி என்ற சொல்லும் ஓரிடத்திலும் இல்லை. 2022இல் நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களின் குடும்பங்களுக்கு நாம் என்ன சொன்னோம்? மொழிபெயர்ப்பவன் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதால் அன்று நான் சேர்க்கவில்லை. இன்று பேசுபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பணிமனைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தடத்தின் நேர அட்டவணையைக் கொண்டுவாருங்கள். ஒரு நடைக்கு எத்தனை நிமிடம் தந்திருக்கிறார்கள், அது கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டது, அதற்குப் பிறகு எத்தனை சிக்னல்கள் கூடியிருக்கின்றன என்று எழுதி எடுத்து வாருங்கள். எந்த நிறுத்தத்தில் ஓரங்கட்ட இடமில்லை என்பதையும் குறியுங்கள். ஓக்லாவிலிருந்து வரும் தோழர்கள் சைக்கிளில் செல்வோர் எந்தெந்த இடங்களில் விழுகிறார்கள் என்பதைக் குறித்து வரட்டும். இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம். உங்கள் தடத்தில் சைக்கிள் தொழிலாளி ஒருவர் மாண்டால், சங்கத்தின் சார்பில் இருவர் அந்த வீட்டுக்குச் செல்லவேண்டும் என்பதையும் அன்றே முடிவுசெய்யலாம். வசைமொழி கேட்க நேரலாம். அதற்கும் ஆயத்தமாகவே செல்லவேண்டும்.