ரூபாயிலா, வெள்ளியிலா?



கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்றோ, அங்கே பொருள் ஈட்டிக்கொண்டிருக்கும் மக்களையும் பேரக் குழந்தைகளையும் கண்டுவர, ஓய்வூதியம் பெறும் முதியோர் பலர் விமானம் ஏறுகின்றனர். சிங்கப்பூருக்குச் செல்வோர் அவருள் பலர். அவர்தம் பெட்டியில் ஊறுகாயும் வடகமும் இருக்கும். சட்டைப் பையில் வங்கி தந்த அட்டை ஒன்று இருக்கும். "அந்தக் கார்டு இருந்தால் போதும், அப்பா" என்று மகன் தொலைபேசியில் சொல்லியிருப்பான். அவன் சொன்னது மெய்யே. ஆயினும் அந்த அட்டையை அயல்நாட்டில் நீட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கூலி கழிகின்றது. அக்கூலியிற் பெரும் பகுதி தவிர்க்கக்கூடியது. அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கூலி எங்கே பிறக்கின்றது? சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் 200 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர். உங்கள் அட்டையில் விசா என்றோ மாஸ்டர்கார்டு என்றோ ஒரு பெயர் பொறித்திருக்கும். அந்த நிறுவனம் 200 வெள்ளியை அன்றைய விகிதப்படி ரூபாய் ஆக்குகின்றது. இந்த விகிதம் நாள்தோறும் வெளியிடப்படுவது. சந்தை விலைக்குப் பெரிதும் நெருங்கியிருப்பது. இதுவரையில் குறையொன்றும் இல்லை. அதன் பிறகு, அட்டையை உங்களுக்குத் தந்த வங்கி தன் பங்கை அதன்மேல் ஏற்றுகின்றது. வங்கிக்காரர் இதற்கு 'மார்க்கப்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். நம் நாட்டு வங்கிகளில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 3½ வரை இருக்கும்.

தாளும் பென்சிலும் அருகில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 200 வெள்ளிக்கு 13,000 ரூபாய். அதற்கு நூற்றுக்கு 3½ வீதம் 455 ரூபாய். இந்த 455 ரூபாய் வங்கி செய்த சேவைக்கான கட்டணம் ஆதலின், அதன்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம், அதாவது 81 ரூபாய் 90 காசு. ஆக மொத்தம் 536 ரூபாய் 90 காசு. மூன்றரை என்று எழுதியிருந்தது கைக்கு வரும்போது நான்கையும் தாண்டிவிட்டது. சதவீதத்தின்மேல் சதவீதம் ஏறும் இந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைகளுக்கே இடறும். அறிக்கையில் பொடி எழுத்தில் வந்தால் பெரியவர்களுக்கும் இடறத்தான் செய்யும். இரண்டு மாதம் தங்கி மூன்று இலட்சம் ரூபாய் செலவிடுவோர்க்கு இவ்வகையிற் போவது 12,390 ரூபாய். ஓய்வூதியக்காரர்க்கு இது சிறு தொகை அன்று.

இதனினும் கவனிக்கவேண்டியது வேறொன்று உண்டு. கடைக்காரர் கருவியில் தொகையைப் பதித்து உங்கள் பக்கம் திருப்புகின்றார். அதன் முகப்பில் இரண்டு தொகைகள் தோன்றுகின்றன. ஒன்று வெள்ளியில், மற்றொன்று ரூபாயில். "எதில் செலுத்துகிறீர்கள்?" என்று கேட்கின்றார். பின்னால் வரிசை நிற்கின்றது. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கின்றது. வெள்ளிக் கணக்கு மனத்தில் பழகவில்லை. ரூபாய்க் கணக்கோ பிறந்தது முதல் பழகியது. "ரூபாயிலேயே போடுங்கள்" என்று சொல்லிவிடத் தோன்றும். அது இயல்பே. ஆனால், பழகிய நாணயத்தைக் கண்டதும் நமக்கு உண்டாகும் அந்த நிம்மதியைத்தான் அங்கே விலைக்கு விற்கிறார்கள்.

இம்முறைக்கு 'டைனமிக் கரன்சி கன்வர்ஷன்' என்று பெயர். ரூபாய் என்று சொன்ன அளவில், நாணயத்தை மாற்றும் உரிமை விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் கையிலிருந்து நழுவிக் கடையின் சார்பில் மாற்றித்தரும் வேறொரு நிறுவனத்திற்குப் போய்விடுகின்றது. அது தன் விருப்பம்போல் விகிதம் வைக்கும். கிடைக்கும் ஆதாயத்தில் கடைக்கும் பங்கு உண்டு. நம் கணக்கில் அது வெள்ளிக்கு 69 ரூபாய் வைத்தது என்று கொண்டால், 13,000 ரூபாய் 13,800 ஆகின்றது. ரூபாயில் செலுத்தியதால் நம் வங்கியின் கூலியாவது மிஞ்சுமோ என்றால், அதற்கும் உறுதியில்லை. கடை அயல்நாட்டில் இருப்பதால், ரூபாயில் செலுத்தினாலும் நூற்றுக்கு ஒன்று என்று கழிக்கும் வங்கிகள் நம் நாட்டில் உண்டு.

ஆதலின் விடை ஒன்றே: சிங்கப்பூரில் வெள்ளி, மலேசியாவில் ரிங்கிட், இலண்டனில் பவுன். எந்த நாட்டில் நிற்கின்றோமோ அந்த நாட்டு நாணயம். கேட்பது அட்டைக்காரரின் உரிமை. கேளாமலே கடைக்காரர் ரூபாயைத் தேர்ந்துவிட்டால், கையெழுத்திடுமுன் அதனை நீக்கி மீண்டும் வெள்ளியில் பதியுமாறு சொல்லலாம். இதில் கூச்சம் வேண்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2019-இல் ஒரு சட்டம் இயற்றி, இவ்வாறு மாற்றித் தருவோர் எத்தனை சதவீதம் மிகுதியாக வாங்குகின்றனர் என்பதை வாடிக்கையாளர்க்கு முன்கூட்டியே காட்டவேண்டும் என்று விதித்தனர். அங்கே சட்டமே பேசுகின்றது. ஏனைய இடங்களில் நாமே பேசவேண்டும்.

இனி, வங்கியின் கூலியைக் குறைக்கும் வழி. மார்க்கப் அறவே இல்லாத அட்டைகளும், அதனைக் குறைவாக வைத்த அட்டைகளும் இன்று கிடைக்கின்றன. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பயணச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும். பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பிப்பது நலம். முன்னதாகவே அயல்நாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டும் ஒரு வழி. அதில் வெள்ளியை ஏற்றி வெள்ளியிற் செலவிட்டால் மார்க்கப் இல்லை. ஆனால் அதே அட்டையோடு பாலத்தைக் கடந்து ஜோகூர் பாருவிற்குப் போய் ரிங்கிட்டில் செலவிட்டால் அங்கே வேறொரு கட்டணம் எழும். ஏற்றும்போது சொல்லும் விலையிலும் ஆதாயம் அடங்கியிருக்கும். மீந்த பணத்தைத் திருப்பும்போதும் விலை குறையும். ஆகவே தேவையை அளந்து ஏற்றுவதே முறை.

ஏ.டி.எம். இயந்திரத்திற் பணம் எடுப்போர்க்கு ஒரு சொல். அங்கே நம் வங்கியின் கட்டணம், இயந்திரத்திற்கு உரியவரின் கட்டணம், மார்க்கப் என மூன்றும் சேரக்கூடும். பத்துத் தடவை சிறிது சிறிதாக எடுப்பதைவிட இரண்டு தடவையில் எடுத்துக்கொள்வது மேல். கடன் அட்டையால் பணம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு எடுத்த நாள் முதலே வட்டி ஏறும்.

மகளோ மகனோ அங்கேயே வேலை செய்பவராயின், அவருடைய உள்ளூர் அட்டையால் செலுத்தினால் எந்தக் கூலியும் இல்லை. இது எல்லார்க்கும் தெரிந்த வழி. ஆனால் பெற்றோர் பலர்க்கு இது உவப்பதில்லை. பேரனுக்கு வாங்கும் சட்டைக்குத் தம் பணத்தைத் தாமே கொடுக்க விரும்புவர். மருமகன் எதிரில் பணப்பையை மூடி வைத்துக்கொண்டு நிற்பது அவர்களுக்கு ஒவ்வாது. அவ்விருப்பத்தைப் பிடிவாதம் என்று இளைஞர் சொல்வர்; நான் அவ்வாறு சொல்லமாட்டேன். நாற்பது ஆண்டு உழைத்துப் பெறும் ஓய்வூதியம் அது. இத்தகையோர்க்கு இப்போது ஒரு வழி பிறந்திருக்கின்றது. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யூ.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பே-நவ் முறையும் இணைக்கப்பட்டன. இத்திட்டத்திற் சேர்ந்த வங்கியில் கணக்கு இருந்தால், தந்தை தம் கைப்பேசியிலிருந்து ரூபாயை அனுப்ப, மகளின் கணக்கில் அது வெள்ளியாக விழும். பிறகு அவள் அட்டையை நீட்டினாலும் பணம் தந்தையினுடையதே. அனுப்புமுன் திரையில் காட்டும் விகிதத்தையும் கட்டணத்தையும் படித்துப் பார்த்து, அதன் பின்னரே இசைவு தரவேண்டும்.

ஊரிலிருந்து புறப்படுமுன் செய்யவேண்டியது ஒன்று. 2020 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே திறந்தவையாக வழங்கப்படுகின்றன. அயல்நாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துகொள்ள வேண்டும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ இதைச் செய்யலாம்; செலவுக்கு உச்ச வரம்பும் வைக்கலாம். திரும்பி வந்ததும் அதை அடைத்துவிடுங்கள். பயணத்திற்குப் பின் வரும் அறிக்கையில் ஒவ்வொரு செலவுக்குக் கீழும் மார்க்கப், வரி எனத் தனித்தனி வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடையில் பெற்ற சீட்டுகளை அதுவரையில் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், ஒத்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.