எல்லைக் கோடும் மக்கள் உரிமையும்

(நம் சங்கத்தின் சான்பாடா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் எல்லை பெரிதா, அந்த எல்லைக்குள் வாழும் ஓர் இனத்தின் உரிமை பெரிதா? ஈழத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. எல்லை என்றால் அரசாங்கத்தின் ஆள் என்கிறார்கள். உரிமை என்றால் பிரிவினைவாதி என்கிறார்கள். இரண்டு பட்டமும் நமக்கு வேண்டாம். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தில் முதல் விதியிலேயே மக்களின் சுயநிர்ணய உரிமை இருக்கிறது. இரண்டாம் விதியில் நாடுகளின் எல்லைக்குக் காவல் இருக்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால்? 1970-இல் அதே சபை ஒரு பிரகடனம் செய்தது. எந்த அரசு வேற்றுமை பாராட்டாமல் தன் மக்கள் அனைவருக்கும் பிரதிநிதியாக நடக்கிறதோ, அந்த அரசின் எல்லையைக் குலைக்கச் சுயநிர்ணயத்தைச் சாக்காகக் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அப்படியானால், எல்லைக்குத் தரும் காவல் இனாம் அல்ல, நிபந்தனையோடு வருவது என்றே நாம் படிக்கிறோம். அரசாங்கங்கள் அப்படிப் படிப்பதில்லை. 1979-இல் மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்த இந்தியாவும், இந்த உரிமை அந்நிய ஆட்சியில் உள்ள மக்களுக்கு மட்டுமே என்று எழுதிவைத்தே சேர்ந்தது.

இனி இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

1963-இல் இந்தியாவில் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றது. திராவிட நாடு கேட்டுவந்த தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1983 ஆகஸ்டில் இலங்கையில் 6-ஆவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மறுத்தார்கள், பதவி இழந்தார்கள். சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இங்கே அதன் பின் போர் மூளவில்லை. அங்கே 2009 மே வரை இரத்த ஆறு ஓடியது. ஏன்?

இந்தியாவில் பிரிவினைக் கதவை அடைத்தவர்கள் ஆட்சிக் கதவை அடைக்கவில்லை. 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு பட்டினி கிடந்து உயிர் விட்ட பின் ஆந்திரம் பிறந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. நாம் வாழும் இந்த மகாராஷ்டிரமே, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்த பிறகு, 1960 மே 1-இல் பிறந்ததுதான். 1965-இல் இந்தியை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்தது. 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, ஆங்கிலம் தொடரும் என்பதும் சட்டமானது. எதுவும் சும்மா கிடைக்கவில்லை. ஆனால் போராடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை செத்துப்போகவில்லை.

இலங்கையில் அந்த நம்பிக்கையைத்தான் கொன்றார்கள். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1957-இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம், மறு ஆண்டே கிழிப்பு. 1965-இல் டட்லியோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் குப்பைக் கூடைக்கு. 1972-இல் புதிய அரசியல் சட்டம், சிறுபான்மையோருக்கு இருந்த பழைய காப்பு விதியும் போயிற்று. அதற்குப் பிறகுதான், 1976-இல், வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 தேர்தலில் அந்தத் தீர்மானத்தோடு நின்ற கூட்டணிக்கு 18 இடங்கள். வாக்குச் சீட்டில் எழுதிச் சொன்ன மக்களுக்கு 1983-இல் கலவரத்தையும் 6-ஆவது திருத்தத்தையும் பதிலாகக் கொடுத்தார்கள். முதலில் கேட்டது சமஷ்டி. அதை மறுத்து மறுத்தே தனிநாட்டுக் கோரிக்கையை வளர்த்தார்கள்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இது விளங்கும். பெட்டிகளைக் கொக்கி மட்டும் போட்டு இழுத்தால் போதாது. இடையில் பஃபர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டிகள் மோதும். மாநில சுயாட்சிதான் அந்த பஃபர்.

1987 ஒப்பந்தத்தால் மாகாண சபைகள் வந்தன. நிலமும் போலீசும் சபைகளின் கைக்கு வரவேயில்லை. வடக்கு கிழக்கு இணைப்பை 2006-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. 2018-இல் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் தேர்தலே இல்லை. போர் முடிந்தது, போருக்கான காரணம் முடியவில்லை.

இதைச் சொல்வதால் டில்லிக்கு நற்சான்று தருகிறோம் என்று நினைக்க வேண்டாம். 2019-இல் ஜம்மு காஷ்மீரை, அதன் சட்டமன்றமே இல்லாத நேரத்தில், இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கியது இதே டில்லிதான். வல்லரசுகளையும் நம்ப வேண்டாம். 2008-இல் கொசோவோவுக்கு உரிமை பேசிய மேற்கு நாடுகள் 2014-இல் கிரிமியாவுக்கு எல்லை பேசின. கொசோவோவுக்கு எல்லை பேசிய ரஷ்யா, கிரிமியாவில் தன் துருப்புகளை நிறுத்திக்கொண்டு உரிமை பேசியது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இறங்கினால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. உரிமை கேட்கும் இனத்துக்குள்ளும் சிறுபான்மை இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களும் தமிழ் பேசும் மக்கள்தான். 1964-இல் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று இரண்டு தலைநகரங்கள் பங்கு போட்டன. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது நமக்கு அந்நியக் கதையா? 1960-களின் பிற்பகுதியில் இந்த மும்பையில் மண்ணின் மைந்தர் முழக்கத்தோடு தென்னிந்தியரை வெளியேறச் சொன்னார்கள், கடைகளைத் தாக்கினார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் பெரியவர்களைக் கேளுங்கள். மராட்டியருக்கு மாநிலம் கேட்டது நியாயம். அதைக் காட்டி நம்மைத் துரத்த நினைத்தது அநியாயம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லத் தெரிந்தவன்தான் சுயநிர்ணயத்தைப் புரிந்துகொண்டவன்.

ஆகவே தோழர்களே, மூன்று செய்திகளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எந்த எல்லையும், அதற்குள் இருப்பவரின் சம்மதத்தால்தான் நிலைக்கும். அந்தச் சம்மதத்தைத் தேர்தலிலும் அதிகாரப் பகிர்விலும் பெற வேண்டும், பட்டாளத்தால் பெற முடியாது. நமக்குக் கேட்கும் உரிமையை நம்மிடையே உள்ள சிறியவருக்கும் மறுக்கக் கூடாது.

ஈழத் தமிழருக்கு என்ன தீர்வு என்பதை மும்பையில் உட்கார்ந்து நாம் எழுதித்தர முடியாது. அதை அவர்களே சொல்ல வேண்டும். அச்சமின்றிச் சொல்ல அவர்களுக்கு வழி வேண்டும் என்று கேட்பது நம் கடமை. அந்தக் கடமையைச் செய்வோம்.