வேடமும் வாழ்வும்

நாடகம் பொய், வாழ்க்கை மெய் என்று சிறு வயதில் நான் எண்ணியிருந்தேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்துவிட்டு, காலையில் ஆற்றங்கரைக்குப் போனால் முருகப் பெருமான் அங்கே முகப்பூச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். ‘இவ்வளவுதானா!’ என்று ஏமாந்து திரும்பினேன்.

அந்த எண்ணத்தைப் பின்னாளில் மாற்றியவர் தியாகி விசுவநாததாஸ். அவரை நான் கண்டதில்லை. படித்தும் பெரியோர் சொல்லக் கேட்டும் அறிந்ததுதான். 1886-இல் சிவகாசியில் பிறந்த அவர், முருகன் வேடத்தில் பெரும் புகழ் பெற்றார். வள்ளி தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண் வீசிப் பறவை ஓட்டும் காட்சி யாவரும் அறிந்தது. பறவையைப் பற்றிய பாட்டு அங்கே இயல்பாகவே பொருந்தும். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய வெள்ளைக் கொக்குப் பாட்டைத் தாஸ் பாடுவார். அந்தக் கொக்கு எந்தத் தேசத்துக் கொக்கு என்று எவரும் உரை எழுத வேண்டியிருக்கவில்லை. அவையோருக்கு விளங்கிற்று, காவல் துறையினருக்கும் விளங்கிற்று. பலமுறை சிறை சென்றார். நாடகம் வெறும் பொய் என்று ஆங்கில அரசாங்கம் கருதியிருந்தால், 1876-இலேயே அதை அடக்கச் சட்டம் செய்திருக்குமா?

ஆனால் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. தாஸ் பிறந்தது மருத்துவர் குலம். முடிதிருத்துவோர் என்று ஊர் ஒதுக்கிவைத்த குலம். ஆகவே அவரோடு வள்ளியாக நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். குறவர் மகளை நாடித் தெய்வமே தினைப்புனத்துக்கு வந்த கதை அது! அதை மனமுருகிப் பாடுவார்களாம். அந்த மேடையிலேயே குலமும் பார்ப்பார்களாம். அப்போது துணிந்து முன்வந்து வள்ளியாக நடித்தவர், பிற்காலத்தில் மதுரையில் பொதுவுடைமை இயக்கத் தலைவராக விளங்கிய கே. பி. ஜானகி அம்மாள். கதை எதைச் சொல்லிற்றோ அதை அவர் தம் வாழ்வில் செய்து காட்டினார்.

1940 டிசம்பர் 31. சென்னையில் ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. மயில்மீது முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருந்த தாஸ், அந்த மேடையிலேயே உயிர் நீத்தார். ஆற்றங்கரையில் ஏமாந்து திரும்பிய நான், இதை முதன்முதல் படித்த இரவில், புத்தகத்தை மூடத் தோன்றாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.