நாமளும் இப்ப முதலாளிதான்



கடன் வாங்கி மெஷின் போட்டு நாலு பேருக்குக் கூலி கொடுத்தால் நாமளும் முதலாளிதான். எங்க தையல் யூனிட்டில் ஏழு பேர். துணிக்கட்டு இறக்க வரும் ஆள் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து அசிங்கமாகப் பேசினார். "அவர் நம்ம ஆள் இல்லையே, நாம என்ன செய்ய?" என்று குழுவிலேயே பேச்சு வந்தது.

அப்படி விட முடியாது. வந்துபோகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்பு கொடுப்பது முதலாளி பொறுப்பு என்கிறது 2013-ம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். 10 பேர் இருந்தால் புகார்க் குழு நாமே அமைக்கணும். குறைவென்றால் மாவட்டத்து உள்ளூர் புகார்க் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். எழுத வராதவங்களுக்கு அந்தக் குழுவே உதவணும்.

அந்தப் பிள்ளை கொடுத்திருக்கு. வராத நாளுக்கும் கூலி போட்டோம், சிலருக்கு வருத்தம்தான். துணிக்கட்டை இப்ப வேற ஆள் இறக்குறார்.