அடுக்குமாடி வீடும் தீப் பாதுகாப்பும்: படிக்கட்டைக் காப்போம்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முன்பு நம் தெருக்களில் முற்றம் வைத்த வீடுகள் இருந்தன. தீ என்றால் முன்வாசல் வழியாகவோ கொல்லை வழியாகவோ ஓடிவிடலாம். இன்று அதே மனையில் கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி, எட்டுக் குடும்பம். எல்லோருக்கும் வெளியேற ஒரே வழி படிக்கட்டுதான். லிஃப்டை நம்ப முடியாது. மின்சாரம் நின்றால் அது பாதியில் நின்றுவிடும். கட்டட விதிகளில் தீ பற்றி எத்தனையோ சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றில் நான் இன்று வலியுறுத்துவது ஒன்றைத்தான்: எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை படிக்கட்டில் புகை ஏறக் கூடாது.

தீ விபத்துகளில் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். சூடான புகை மேலே ஏறும் இயல்புடையது. திறந்து கிடக்கும் படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி போல ஆகிவிடும்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 24 மாடி, ஒரே படிக்கட்டு. நள்ளிரவு தாண்டி, நான்காம் மாடியில் ஒரு வீட்டின் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் தீ தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் கட்டடத்தின் வெளிச்சுவரில் புதிய அலுமினியப் பலகைகள் பொருத்தி முடித்திருந்தார்கள். அந்தப் பலகையின் நடுவில் இருந்தது எரியக்கூடிய பாலிஎத்திலீன். தீ ஜன்னல் வழியே வெளிச்சுவரைப் பற்றி, அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. வீட்டுக் கதவுகள் பலவற்றில் தானாக மூடும் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. தப்பியவர்கள் திறந்து வைத்துவிட்டு ஓடிய கதவுகள் வழியே புகை நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் பரவியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை, அதிகாலை 2.47 வரை மாற்றப்படவில்லை. 72 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள்.

அது ரமலான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி எழுப்பியதையும், அருகிலிருந்த அல் மனார் பள்ளிவாசல் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டதையும் உலகம் பேசியது. மனம் நிறைகிறது. ஆனால் அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றே 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணையின் இறுதி அறிக்கை சொன்னது. இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. 2026 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறை.

லண்டன் தூரம் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடம். கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனையகம், மேலே தங்கும் விடுதி. கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியே மாடிகளுக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள். நம் வீடுகளின் கீழ்த்தளத்தை நினைத்துப் பாருங்கள். மீட்டர் பெட்டி, அதையொட்டி வண்டிகள், அவற்றில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு. எல்லாம் படிக்கட்டின் வாயிலிலேயே.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்துக்குக் குறைந்தது இரண்டு படிக்கட்டு. லிஃப்டைச் சுற்றிப் படிக்கட்டு அமைக்கக் கூடாது. படிக்கட்டுப் பகுதியில் மின் பலகையோ எரிவாயுக் குழாயோ கூடாது. வயர்கள் ஏறும் ஷாஃப்டை ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். நம் ஊர்க் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. ஆகவே உங்கள் மாடிப்படியைப் பார்க்க யாரும் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தையும் பணி நிறைவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள மாடிகள்தானா கட்டப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உயர்மாடி என்றால் தீயணைப்புத் துறையின் சான்றைக் கேளுங்கள். முகப்பில் ஏ.சி.பி. ஷீட் ஒட்டியிருந்தால், நடுவில் இருப்பது எரியும் பிளாஸ்டிக்கா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிக்கட்டின் உச்சியில் புகை வெளியேற ஜன்னல் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் செய்யக் கூடியவை செலவு குறைந்தவை. படியில் செருப்பு அலமாரி, பழைய மெத்தை, சைக்கிள், காலி சிலிண்டர் எதுவும் வேண்டாம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; மாடிப்படியும் பலர் நடக்கும் பாதைதான். திருட்டுக்குப் பயந்து இரவில் பூட்டும் கிரில் கேட்டை, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுங்கள். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவி, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வண்டி சார்ஜ் போடும் இடத்தை மீட்டர் பெட்டியிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். வீட்டு வாசற்கதவுக்குத் தானாக மூடும் டோர் குளோசர் பொருத்துங்கள். நல்ல கனமான கதவு மூடியிருந்தால் புகை சில நிமிடங்களாவது தாமதமாகும். அந்தச் சில நிமிடங்களில் மேல்மாடியில் இருக்கும் பாட்டியை இறக்கிவிடலாம்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டில் தீ என்றால் எல்லோரும் வெளியேறி, கதவை இழுத்து மூடி, மற்ற வீடுகளைத் தட்டிக்கொண்டே இறங்க வேண்டும். 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் அதற்குள் இறங்கக் கூடாது. வீட்டுக் கதவை மூடி, இடுக்கில் ஈரத் துணி அடைத்து, ஜன்னலோரம் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் நடக்க முடியாதவர்கள் யார் யார், எந்த மாடியில் இருக்கிறார்கள், தீ என்றால் யாரை யார் தூக்குவது? எட்டுக் குடும்பமும் ஒரு நாள் உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். அந்த முதல் கூட்டத்தை இந்த வாரமே கூட்டுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் காப்பானாக. வஸ்ஸலாம்.