சாவியும் பத்திரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்னிசைக்குக் காத்திருக்கும் அவையில் வீடு வாங்குவதைப் பற்றிப் பேச முற்படுவது துணிவான செயலே. ஆயினும், டில்லியின் அரசாங்கக் குடியிருப்புகளை விட்டு நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் புது வீடு தேடும் குடும்பங்கள் நம்மிடையே பலவாக உள்ளன. ஓய்வுபெற்றோர் சேமிப்பும், இல்லத்தரசியின் நகையும், மகனுடைய வங்கிக் கடனும் ஒன்றுகூடியே ஒரு வீடு ஆகின்றது. ஆதலின் இச்சில சொற்கள்.

வீடு பார்க்கச் செல்லும் நாம் முதலில் வினவுவது யாது? பூசையறைக்கு இடம் உண்டா, வாயில் கிழக்கு நோக்கியதா, அக்கம்பக்கத்தில் தமிழர் உளரா என்பனவே. கேட்கத்தக்கவைதாம். ஆனால் அவற்றிற்கு முன்னே கேட்க வேண்டியது ஒன்றுண்டு. "இந்நிலத்திற்குரிய தொகை முழுவதும் செலுத்தப்பட்டதா?"

நொய்டாவில் பெரும்பாலான அடுக்ககங்களின் நிலம் அந்நகர வளர்ச்சி ஆணையத்திற்கு உரியது. கட்டுநர் அதனை 90 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றுத் தவணையில் பணம் செலுத்துவார். தவணை நின்றால் பத்திரப் பதிவும் நிற்கும். முழு விலையும் கொடுத்து, சாவி பெற்று, பால் காய்ச்சிக் குடிபுகுந்த பல்லாயிரம் குடும்பங்கள் இவ்வாறே ஆண்டுக்கணக்கில் பத்திரமின்றி வாழ நேர்ந்தது. பாக்கி வைத்தவர் கட்டுநர். தவித்தவரோ வீடு வாங்கியவர். 2023-ஆம் ஆண்டு இறுதியில் உத்தரப் பிரதேச அரசு, அமிதாப் காந்த் குழுவின் பரிந்துரையை ஒட்டிச் சலுகை அறிவித்த பின்னரே அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வழி பிறந்தது. பத்திரமில்லா வீட்டை முறைப்படி விற்பதும் அரிது. மக்களுக்கு எழுதி வைப்பதும் அரிது.

அடுத்தது, குடிபுகு சான்றிதழ். "இதோ வந்துகொண்டிருக்கிறது" என்பர். வந்ததன் நகலையே கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் காண வேண்டும். கட்டட விதிகளுக்கு மாறாக நொய்டாவில் எழுந்த இரட்டைக் கோபுரங்களை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட, 28-8-2022 அன்று அவை சில நொடிகளில் தூளாயின அன்றோ?

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் நமக்கு நல்ல துணை. திட்டத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, மாநில ரெரா இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் வாங்குமுன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 'சூப்பர் ஏரியா' எவ்வளவாயினும் ஆகுக. நாம் புழங்கும் கார்ப்பெட் பரப்பு எத்தனை சதுர அடி என்பதே கேள்வி. பால்கனி அதில் சேராது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து நாம் அறிவித்தால், கட்டுநர் தம் செலவில் 30 நாட்களில் சீர்செய்தல் வேண்டும்.

இன்னொன்று. நம்முள் பலர் பேசும் இந்தி காய்கறிக் கடைக்குப் போதுமானது, பத்திரத்திற்குப் போதாது. விளங்காத தாளில் கையொப்பமிட நாணுங்கள். விளக்கம் கேட்க நாண வேண்டா. வரைபடம் அறிந்த பொறியாளரும், வழக்கறிஞரும் நம் உறுப்பினருள் உளர். முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், ஒரு ஞாயிறு காலை தாள்களோடு சங்கத்திற்கு வாருங்கள். உடன் அமர்ந்து படிப்போம்.