ஐந்து நிமிடச் சந்திப்பு



1952ஆம் ஆண்டு, பம்பாய். உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினைச் சந்திக்க, புனேயிலிருந்து ஒரு யோகாசிரியர் வந்திருந்தார். அவர் பெயர் பி. கே. எஸ். அய்யங்கார். அன்றைக்கு அவரை வெளியுலகில் அதிகம் பேருக்குத் தெரியாது. மெனுஹினுக்கோ பேசக்கூடத் தெம்பில்லை. ஐந்து நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்.

ஏழு வயதிலேயே மேடையேறியவர் மெனுஹின். இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைவீரர்களுக்காக மட்டும் 500க்கும் மேற்பட்ட கச்சேரிகள் வாசித்தார். ஊர் ஊராகப் பயணம், இரவெல்லாம் கச்சேரி, மறுநாள் வேறொரு நகரம். உடம்பு தளர்ந்தது, உறக்கம் கெட்டது. நியூசிலாந்தில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனவர், காத்திருந்த நேரத்தில் அங்கே கிடந்த யோகா புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அவருடைய யோக ஆர்வம் தொடங்கியது அங்கேதான்.

அய்யங்கார் அவரிடம் தலைகீழாக நிற்கச் சொல்லவில்லை. படுக்க வைத்தார். காதுகளையும் கண்ணிமைகளையும் விரல்களால் மெல்ல மூடினார். சண்முகி முத்திரை என்று இதற்குப் பெயர். சிறிது நேரத்தில் மெனுஹின் அயர்ந்து உறங்கிவிட்டார். ஐந்து நிமிடச் சந்திப்பு மூன்றரை மணி நேரம் நீண்டது. பிறகு அவரே அய்யங்காரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1954இல் ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். அதன் பின்புறம், தம்முடைய மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு என்று பொறித்திருந்தார்.

இதே போன்ற இன்னொரு காட்சி சென்னையில் நடந்தது. அய்யங்காருக்கு யோகம் கற்பித்த குரு திருமலை கிருஷ்ணமாச்சார்யா அப்போது சென்னையில் குடியிருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் கட்டடப் பொறியியல் படித்து முடித்திருந்த 1960களின் தொடக்கம் அது. அப்பாவின் யோகத்தில் அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. ஒரு நாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, ஆசாரசீலரான அந்தப் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகன் திடுக்கிட்டுப் போனார். என்ன விஷயம் என்று கேட்டால், எத்தனையோ ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் உறங்காதவர் அந்தப் பெண்மணி. முந்தைய இரவு மாத்திரை போடாமல் தூங்கியிருக்கிறார்! பொறியாளர் வேலையை விட்டுவிட்டு தேசிகாச்சார் அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற யோகப் பயிற்சி நிலையத்தை நிறுவினார்.

இரண்டு கதையிலும் முதலில் கைகூடியது உறக்கம். உடம்பை வில்லாக வளைப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த உறக்கத்தின் சூட்சுமம் மூச்சில் இருக்கிறது. வேலை நெருக்கும்போது உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. துரத்துவது நாயா, மேனேஜரின் மின்னஞ்சலா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, கார்ட்டிசோல் கூடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. இதயத்துடிப்பை நினைத்த மாத்திரத்தில் குறைக்க நம்மால் முடியாது. மூச்சை மட்டும் நம் விருப்பப்படி நிதானப்படுத்தலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சின்போது இதயத்தை அடக்கிப் பிடிப்பது வேகஸ் என்ற நரம்பு. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் உடம்பின் பரபரப்பும் தணியத் தொடங்குகிறது.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்குக் கணக்கு சொல்கிறார். உள்ளிழுக்க 16 மாத்திரை நேரம், வெளியே விட 32. சரியாக இரண்டு மடங்கு. இடையில் 64 மாத்திரை அடக்கவும் சொல்கிறார். அது குருவின் பக்கத்தில் இருந்து பழக வேண்டியது; புதியவர்களுக்கு அல்ல. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. கத்தோலிக்க ஜெபமாலையைச் சொன்னாலும் யோக மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது என்றும், அந்த வேகத்தில் இதயமும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று நன்றாக இசைந்து இயங்குகின்றன என்றும் இத்தாலிய ஆய்வாளர்கள் அதில் காட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் விடும் மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது.

சென்னை ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். காதில் ஹெட்செட். ஒரு வாடிக்கையாளர் திட்டி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு காத்திருக்கிறது. பாய் விரிக்க அங்கே இடமில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நாற்காலியில் சாய்மானத்தை விட்டு முன்னே நகர்ந்து உட்காருகிறார். இரண்டு பாதமும் தரையில் பதிகின்றன. மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்குகிறார், விட்டபடி இறக்குகிறார். இப்படி ஆறு முறை. பிறகு கைகளைத் தொடைமேல் வைத்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுகிறார். ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. விடிந்து வீட்டுக்குப் போனதும் தரையில் படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலிமேல் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கிடக்கிறார். அப்புறம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்.

எல்லா ஆசனமும் எல்லாருக்கும் ஆகாது. உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் சிரசாசனத்தின் பக்கம் போக வேண்டாம். கர்ப்பிணிகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். வாரக்கணக்கில் உறக்கம் வராவிட்டாலோ வாழ்க்கையே வெறுத்துப்போனாலோ யோகாவை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களை 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பிட்டுப் பார்த்தன. அதிகம் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். நீண்ட வேலை நேரத்தால் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது 2021இல் அவை வெளியிட்ட கணக்கு. வேலையில் வெந்து தீய்ந்துபோகும் பர்ன் அவுட் நிலையைத் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. ஆனால் அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவு என்றே விளக்குகிறது.

2024இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வும் இதே திசையில்தான் கைகாட்டுகிறது. 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் அலசினார். மனப்பயிற்சி வகுப்புகளிலும் செயலிகளிலும் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் யோகா வீணா? அமெரிக்காவின் ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தைப் பாருங்கள். அதன் தலைவராக இருந்த மார்க் பெர்டோலினி 2004இல் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, தீராத வலியோடு யோகாவுக்கு வந்தவர். அதை ஊழியர்களுக்கும் கொண்டுபோனார். 239 பேரை வைத்து நடந்த 12 வார ஆய்வு 2012இல் வெளியானது. யோகா பழகியவர்கள் தங்கள் மன அழுத்தம் குறைந்ததாகவும் உறக்கம் மேம்பட்டதாகவும் சொன்னார்கள். பெர்டோலினி அதோடு நிற்கவில்லை. 2015இல் நிறுவனத்தின் மிகக் குறைந்த சம்பளத்தை மணிக்கு 16 டாலராக உயர்த்தினார். வாடகைக்கும் வைத்தியச் செலவுக்கும் அல்லாடுகிறவர் கண்ணை மூடினால் கடன்தானே முன்னே வந்து நிற்கும்?

இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2021இல் ஒய் பிரேக் என்ற செயலியை வெளியிட்டது. அலுவலக நாற்காலியை விட்டு அதிகம் நகராமல் செய்யக்கூடிய ஐந்து நிமிடப் பயிற்சி. பம்பாயில் அய்யங்காருக்கு முதலில் கிடைத்ததும் இதே ஐந்து நிமிடம்தான். அதை மூன்றரை மணி நேரமாக நீட்டிக்கொள்ள மெனுஹினால் முடிந்தது. அவருடைய பொழுது அவர் கையில் இருந்தது. ஓ.எம்.ஆர். பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு அடங்கும். அது முடியும்வரை அவருக்கு வரும் அழைப்புகளை வேறு பக்கம் திருப்பிவிட, அந்தத் தளத்தில் ஒரு டீம் லீடர் இருக்க வேண்டும்.